சுவர்களுக்கு ஆடை எதற்கு?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்று நம் முன்னோர் இவ்விரண்டையும் சேர்த்தே சொல்லி வைத்தார்கள். இரண்டிலும் தேவைக்காகச் செய்யும் செலவு உண்டு. பிறர் கண்ணுக்காகச் செய்யும் செலவும் உண்டு. திருமணத்தில் நிகழும் வீண்விரயத்தைப் பற்றி ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். வீட்டுச் சுவரில் நிகழும் விரயத்தைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. சென்ற ஆண்டு ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் பழைய வீட்டின் மீது மாடி எழுப்ப முற்பட்டபோதுதான் அது எங்களுக்கும் உறைத்தது.

பொறியாளர் கொண்டுவந்த முகப்புப் படங்கள் பத்துக்கு மேல் இருந்தன. ஒன்றில் கருங்கல் பதிப்பு, ஒன்றில் மரம்போல் தோன்றும் பலகை, மற்றொன்றில் கண்ணாடி. ஒரு வாரம் முழுதும் குடும்பமே அவற்றைச் சுற்றி அமர்ந்து விவாதித்தது. அவ்விவாதத்தில் கலந்துகொள்ளாதவர் எங்கள் அம்மா ஒருவரே. அவர் படுக்கும் அறை வீட்டின் மேற்குப் புறத்தில் உள்ளது. சித்திரை வெயிலில் லுஹர் தொடங்கி மஃரிப் வரை அந்தச் சுவர் காய்கிறது. வாங்கிய சூட்டை நள்ளிரவு வரை அறைக்குள் விடுகிறது. இஷா தொழுத பின்னர் அம்மா தம் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடுவார். ஏனென்று கேட்டால், "எனக்கென்ன கண்ணு, இங்கதான் காத்து வருது, படுத்துக்கறேன்" என்பார். பல கோடைகளாக இது நடந்து வந்தது. நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம்.

வேலையைத் தொடங்க வந்த மேஸ்திரி, மாடிச் சுவருக்கு எந்தக் கல் வைக்கலாம் என்று கேட்டார். எங்களிடம் விடை இல்லை. எதுவாயினும் நல்லதாகப் பார்த்து வையுங்கள் என்றோம். அவர் சிரித்துவிட்டார்.

"சுவத்துக்குள்ள என்ன கல்லு வெக்கறதுன்னு இப்பெல்லாம் யாரும் கேக்கறதில்லீங்க பாய். மேல என்ன ஒட்டறதுன்னுதான் கேக்கறாங்க."

அச்சொல்லே இக்கட்டுரைக்குக் காரணம். சுவர் எதனால் ஆனது என்று ஆராய வேண்டிய நாம், அது எதை உடுத்தியிருக்கிறது என்பதிலேயே நம் நேரத்தையும் பொருளையும் செலவிடுகிறோம். இந்த வரிசை தலைகீழானது என்பது எங்கள் கருத்து. மார்க்கம் காட்டும் வரிசை வேறு.

கிழிந்த திரையும் இரண்டு தலையணைகளும்

ஸஹீஹ் முஸ்லிமில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்திலிருந்து திரும்பியபோது, அன்னையார் விரிப்பு ஒன்றை வாயிலில் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அதைக் கண்ட பெருமானாரின் முகத்தில் அதிருப்தி தெரிந்தது. அதை இழுத்துக் கிழித்தார்கள். கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை உடுத்துமாறு அல்லாஹ் நமக்குக் கட்டளையிடவில்லை என்னும் கருத்தைச் சொன்னார்கள்.

பெரும்பாலோர் நிகழ்ச்சியை இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். அதன் பின்பகுதியும் கவனிக்கத்தக்கது. அந்தத் துணியை வெட்டி இரண்டு தலையணைகள் செய்து, பேரீச்ச நாரை அடைத்து வைத்ததாகவும், அதைப் பெருமானார் குறை சொல்லவில்லை என்றும் அன்னையார் தொடர்கிறார்கள். துணி அதேதான். கல்லுக்கும் மண்ணுக்கும் அணியாக இருந்தபோது ஒப்பாத அது, மனிதத் தலைக்கு ஓய்வு தந்தபோது ஒப்பாயிற்று.

இதைக் கொண்டு சுவர் அலங்காரம் அனைத்தும் ஹராம் என்று தீர்ப்புக் கூற நாங்கள் வரவில்லை. அது ஆலிம்களின் பணி. கட்டளையிடவில்லை என்னும் சொல்லிலிருந்து தடை பிறக்காது என்று விளக்கும் இமாம் நவவி அவர்கள், சுவருக்குத் துணி போர்த்துவதை மக்ரூஹ் என்ற அளவிலேயே வைக்கிறார்கள். ஹராம் என்றே கொண்ட அறிஞரும் இருந்தார்கள் என்பதையும் குறிப்பிடுகிறார்கள். தோழர்களிடையே இந்தக் கூச்சம் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்குப் புகாரியில் ஒரு சான்று உள்ளது. இப்னு உமர் (ரலி) அவர்களின் அழைப்பை ஏற்று வந்த அபூ அய்யூப் (ரலி) அவர்கள், வீட்டுச் சுவரில் திரையைக் கண்டதும் உணவுண்ணாமலேயே திரும்பிச் சென்றார்கள். பெண்கள் எங்களை மீறிவிட்டார்கள் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் சொன்ன காரணமும் அவரை நிறுத்தவில்லை.

தடாகம் சாலை கற்பிக்கும் பாடம்

சுவரின் உடலைப் பற்றி ஏன் இத்தனை அக்கறை என்று கேட்பவர்கள் ஆர்.எஸ்.புரத்தை ஒட்டிச் செல்லும் தடாகம் சாலையில் மேற்கு நோக்கி ஒருமுறை பயணம் செய்ய வேண்டும். மலையடிவாரத்தில் சின்னத் தடாகம், நஞ்சுண்டாபுரம், வீரபாண்டி, சோமையம்பாளையம், பன்னிமடை ஆகிய ஊர்கள் இருக்கின்றன. கோவையின் எத்தனையோ வீடுகளுக்குச் செங்கல் அங்கிருந்துதான் வந்தது. அந்த நிலத்தின் செம்மண், பனையளவு ஆழமுள்ள பள்ளங்களாக வெட்டி எடுக்கப்பட்டது. ஓடைகள் திசை மாறின. யானைகள் நடமாடும் வழிகளில் சூளைகள் எழுந்தன. ஊர் மக்கள் நெடுங்காலம் முறையிட்டு வழக்காடிய பின்னர், உரிய அனுமதியின்றி இயங்கியவை என்று 180-க்கும் மேற்பட்ட சூளைகள் 2021-ஆம் ஆண்டில் மூடப்பட்டன.

அந்தச் சூளைகளில் பிழைத்த தொழிலாளர் குடும்பங்கள் பல. அவர்களின் இழப்பும் இழப்பே. ஆயினும் ஒன்றை நாம் மறைக்க முடியாது. அம்மண்ணை வெட்டியவர் எவராயினும், அதைச் சுவராக்கி உள்ளே உறங்கியவர்கள் நாம்தான். ஹலாலான வருமானத்தில் கட்டினோமா என்று கேட்கும் நாம், ஹலாலான முறையில் எடுத்த மண்ணால் கட்டினோமா என்றும் கேட்டிருக்க வேண்டும். பூமியில் சீர்திருத்தம் ஏற்பட்ட பின்னர் அதில் குழப்பம் விளைவிக்காதீர்கள் என்று குர்ஆன் விடுக்கும் எச்சரிக்கை வயலுக்கும் ஓடைக்கும் பொருந்தாதா?

மாற்று வழிகள் நம் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன. அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கொண்டு செய்யும் ஃபிளை ஆஷ் கல்லுக்கு மேல்மண் வேண்டியதில்லை, சூளையும் வேண்டியதில்லை. மேல்மண்ணைக் காக்கும் நோக்கத்துடன் மத்திய அரசு 1999-ஆம் ஆண்டிலேயே இதற்கான அறிவிக்கையை வெளியிட்டது. அளவு ஒரே சீராக இருப்பதால் பூச்சும் மெல்லியதாகப் போதும். ஆனால் நன்றாக நீராற்றப்படாத கல் மூலை உதிரும். எனவே வாங்கும் இடத்தைப் பார்த்து வாங்க வேண்டும். ஏஏசி பிளாக் செங்கல்லின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். உள்ளே காற்றறைகள் நிறைந்திருப்பதால் வெயிலை எளிதில் கடத்தாது. பழைய கட்டடத்தின் மீது மாடி எழுப்புவோருக்குப் பாரமும் குறையும். அதில் சாதாரண ஆணி பிடிக்காது. தூணும் சுவரும் சேரும் இடத்தில் வலை வைத்துப் பூசாவிட்டால் விரிசல் விழும். இவற்றை முன்கூட்டியே அறிந்துகொண்டு தேர்வு செய்யலாம்.

மூன்றாவது வழி, பழைய கல்லே. ஆர்.எஸ்.புரம், பிளேக் நோய் கோவையை வாட்டிய காலத்துக்குப் பின் நெரிசலிலிருந்து விலகி வளர்ந்த பகுதி. நகராட்சித் தலைவராக விளங்கிய இரத்தினசபாபதி முதலியாரின் பெயரால் அமைந்தது. அதன் பழைய வீடுகள் பலவும் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தவை. சுண்ணாம்புச் சாந்து மென்மையானது. இடிக்கும்போது கல் முழுதாகக் கழன்று வரும். சிமெண்ட் சாந்தில் கட்டியதை இடித்தால் கல்லும் சேர்ந்து உடையும். இன்று தெருத்தெருவாக வீடுகள் இடிபடும்போது அந்தக் கற்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. எங்கள் வீட்டுக் குறுக்குச் சுவர்கள் அப்படி வந்தவையே.

எந்தக் கல்லாயினும் சோதித்து வாங்குவது நம் பொறுப்பு. இரண்டு செங்கற்களை ஒன்றோடொன்று தட்டினால் மணியோசை கேட்க வேண்டும். நகத்தால் கீறினால் தடம் விழக்கூடாது. 24 மணி நேரம் நீரில் ஊறிய சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கறிவேப்பிலையைக்கூட முகர்ந்து பார்த்து வாங்கும் நாம், ஒரு தலைமுறைக்கு நிற்கப்போகும் கல்லை லாரியிலிருந்து இறங்கியபடியே ஏற்றுக்கொள்கிறோம்.

தோலும் அதன் ஓதமும்

உடலுக்கு அடுத்தது தோல், அதாவது பூச்சும் வண்ணமும். பூச்சு அவசியமானது, சாரலையும் வெயிலையும் அது தாங்குகிறது. எங்கள் அத்தா காலத்தில் ரமலானுக்கு முன் சுண்ணாம்பைத் தாழியில் ஊற வைத்து, கொஞ்சம் பசையும் நீலமும் சேர்த்து வெள்ளையடிப்பார்கள். சுண்ணாம்பு சுவரை மூச்சுவிட விடுகிறது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகிறது. அதன் காரத்தன்மையில் பூஞ்சை எளிதில் வளராது. கையில் ஒட்டும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும் என்பவை அதன் குறைகள்.

இன்றைய வழக்கம் சிமெண்ட் பூச்சு, அதன்மேல் பட்டி, பிரைமர், எமல்ஷன். இது தவறன்று, துடைத்தால் சுத்தமாகும். தவறு நம் அவசரத்தில் இருக்கிறது. குடிபுகும் தேதியைக் குறித்துவிட்டுப் பூச்சைத் தொடங்குகிறோம். ஏழு நாள் நீராற்ற வேண்டிய பூச்சுக்கு மூன்று நாள் தண்ணீர் தெளிக்கிறோம். நான்கு வாரமேனும் உலர வேண்டிய சுவரில் இரண்டாம் வாரமே பட்டி பார்க்கிறோம். உள்ளே அடைபட்ட ஈரம் முதல் மழைக்காலத்திலேயே ஓதமாக வெளிவந்து வண்ணத்தைக் கொப்புளங்களாக உரித்துவிடுகிறது. எங்கள் கூடத்துச் சுவர் ஒன்றில் இது நேர்ந்தது, அவசரப்பட்டவர்கள் நாங்களே. ஓதத்தை மறைக்க அதன்மேல் பலகை ஒட்டலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். நோயை மறைக்கும் ஆடையாகத்தானே அது இருந்திருக்கும்! உரித்தெடுத்து, உலர விட்டு, மீண்டும் பூசினோம்.

பழைய வண்ணத்தைச் சுரண்டும்போது மற்றோர் எச்சரிக்கையும் வேண்டும். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் வண்ணங்களில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். அதன் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உலர்ந்த சுவரைத் தேய்க்காமல் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள்; குழந்தைகளை அன்று உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பட்டி தேய்க்கும் தொழிலாளிக்கு நல்ல முகக்கவசம் வாங்கித் தாருங்கள். வியர்வை உலர்வதற்கு முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், அந்த வியர்வையோடு கலக்கும் தூசியையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சுவரின் மறுபுறம்

ஒவ்வொரு சுவருக்கும் மறுபுறம் உண்டு. அங்கே அண்டை வீட்டார் இருக்கிறார். தம் சுவரில் அண்டை வீட்டார் மரக்கட்டை பதிப்பதை எவரும் தடுக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதைப் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. கோட்டைமேட்டின் சந்துகளில் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்த நம் பெரியவர்களுக்கு இது ஏட்டுச் செய்தியாக இருக்கவில்லை. இன்று நாம் முகப்பில் பதிக்கும் கண்ணாடி மாலை வெயிலை எதிர்வீட்டு அறைக்குள் வீசுகிறது. பதிகற்களை அறுக்கும் தூசி பக்கத்து வீட்டுத் துணிக்கொடியில் படிகிறது. சுவர் எல்லைக்குள் இருக்கிறது என்பது அரசு அலுவலகத்துக்குப் போதுமான விடை. அண்டை வீட்டாரின் உரிமைக்கு அது போதாது.

அழகுக்கு இடமில்லையா?

இடமுண்டு. அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்பது நாமனைவரும் அறிந்த நபிமொழி. தன் அடியார்களுக்கு அவன் வழங்கிய அழகைத் தடை செய்தவர் யார் என்று அல்அஃராஃப் அத்தியாயம் வினவுகிறது. நபியவர்கள் கட்டிய பள்ளிவாசலுக்குச் சுடாத மண்கல் சுவர், பேரீச்ச ஓலைக் கூரை, பேரீச்ச மரத் தூண்கள். உமர் (ரலி) அவர்கள் அதை விரிவாக்கியபோதும் அதே பொருள்களையே பயன்படுத்தினார்கள். உஸ்மான் (ரலி) அவர்களோ செதுக்கிய கல்லாலும் சுதையாலும் சுவரெழுப்பி, தேக்கினால் கூரை வேய்ந்தார்கள். உறுதியான கல்லும் நல்ல பூச்சும் மார்க்கத்துக்குப் பகை என்று எவரும் சொல்ல இயலாது.

எனினும் எல்லை ஒன்று இருக்கிறது. கப்பாப் (ரலி) அவர்கள் தம் சுவர் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது, முஸ்லிம் செலவிடும் ஒவ்வொன்றுக்கும் கூலி உண்டு, இந்த மண்ணில் போடுவதைத் தவிர என்று வருந்திச் சொன்னதாகப் புகாரியில் காண்கிறோம். கை சுவரில் இருக்கும்போதே மனம் அதன் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் பார்வையில் எல்லையைக் காண மூன்று கேள்விகள் போதும். இந்தச் செலவு வீட்டில் வாழ்பவருக்கா, தெருவில் போகிறவருக்கா? இதற்கான பணம் கையில் உள்ளதா, வட்டியில் வருகிறதா? இதைச் செய்வதால் வீட்டில் எவருடைய தேவை தள்ளிப் போகிறது?

முகப்புக் கருங்கல் பதிப்புக்கு எங்கள் கையில் பணம் இல்லை. மாடியைச் சேமிப்பில் கட்டினோம். முகப்புக்கு மட்டும் வங்கிக் கடன் வாங்கலாம் என்று எண்ணினோம். விண்ணப்பப் படிவம் மேசை மீது நான்கு நாள் கிடந்தது. தவறென்று அறியாமல் அதைக் கொண்டுவரவில்லை. ஊரார் எல்லாரும் செய்வதுதானே, சிறிய தொகைதானே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். மூன்றாம் கேள்விதான் எங்களை நிறுத்தியது. தெருவைப் பார்த்த சுவருக்குக் கருங்கல் உடுத்த வட்டியைத் தொடவும் துணிந்த நாங்கள், அம்மாவின் மேற்குச் சுவருக்காக ஒரு நாளும் கணக்குப் பார்த்ததில்லை.

படிவத்தைக் கிழித்தோம். மாடியின் மேற்குச் சுவரை ஏஏசி பிளாக்கில் எழுப்பினோம். கீழே அம்மா அறையின் சுவருக்கு வெளிப்புறம் அகலமான சன்ஷேடு இறக்கி, முன்னே கம்பிப் பந்தலிட்டுக் கொடி ஏற்றி, சுவர் முழுதும் சுண்ணாம்பு அடித்தோம். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும். பந்தல் அதைச் சுவரில் விழாமல் தடுக்கும். ஆனி பிறந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கினால் கோவைக்குக் குளிர்ச்சி தானே வரும், சோதனை சித்திரையில்தான். இவ்வாண்டுச் சித்திரையில் வெயில் குறையவில்லை. ஆனால் இஷாவுக்குப் பின் அந்தச் சுவரில் கை வைத்தால் முன்போல் சுடவில்லை. பெரும்பாலான இரவுகளில் அம்மா தம் அறையிலேயே உறங்கினார்.

முகப்பு இன்றும் வெறும் வெள்ளைப் பூச்சுதான். "வேலை இன்னும் முடியலீங்களா?" என்று வருபவர்கள் கேட்கிறார்கள். முடிந்துவிட்டது என்று சொல்லத் தொடக்கத்தில் கூச்சமாக இருந்தது, இப்போது இல்லை.

வெள்ளிதோறும் நாம் ஓதும் அல்கஹ்ஃப் அத்தியாயத்தில் ஒரு சுவர் வருகிறது. சாயவிருந்த அதைக் கூலி ஏதும் வாங்காமல் நிமிர்த்தி வைத்தார் இறைவனின் அடியார் ஒருவர். அந்தச் சுவரின் நிறத்தையோ அழகையோ குர்ஆன் சொல்லவில்லை. அதன் கீழே இரண்டு அநாதைச் சிறுவர்களின் புதையல் இருந்தது என்பதைச் சொல்கிறது. நம் சுவர்களின் பெறுமதியும் அவை யாரைக் காக்கின்றன என்பதில்தான் உள்ளது. வீடு கட்டத் தொடங்கும் சகோதர சகோதரிகள் முகப்புப் படங்களைப் பார்ப்பதற்கு முன்னர், வீட்டில் எந்த அறை சுடுகிறது, அங்கே யார் படுக்கிறார் என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டுகிறோம்.

நம் இல்லங்களை அமைதி தரும் இடங்களாகவும், நம் செலவுகளை மறுமையில் நமக்குச் சாட்சியாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.